வராத தலைவி

இத்தனை நாளும் ஆன்லைனிலேயே கூடிவந்த சங்கத்தின் முதல் நேரடிக் கூட்டம். தலைவியைத்தான் காணோம்.

"கம்ப்யூட்டர்ல மட்டும் புலியாப் பாய்வாங்க. நேர்ல வரணும்னா கசக்குது!" என்று எரிந்து விழுந்தார் பொருளாளர்.

"போன் பண்ணிப் பார்க்கலாமா?" என்று இழுத்தார் ஓர் உறுப்பினர்.

"கூட்டம் நடக்கிறப்ப யாரும் போனைத் தொடக் கூடாது. அந்தம்மாவுக்கு வர வழி தெரியாதா?" என்று சீறினார் செயலாளர்.

தலைவியை நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பேனரைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் மூன்று மாடியும் இறங்கினார்கள்.

கடைசிப் படிக்குக் கீழே, கையில் போனோடு, வியர்த்து வழிய தலைவி.

"உங்களை நீக்கியாச்சு. மேல ஒரு மணி நேரமா காத்துக்கிட்டிருந்தோம்," என்றார் செயலாளர்.

"கீழ ஒரு மணி நேரமா கத்திக்கிட்டிருந்தேன். லிஃப்ட் இல்லாத இந்தக் கட்டடத்தைப் பிடிச்ச புண்ணியவான் யாரு?"

தலைவி தன் சக்கர நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினார்.

"போறதுக்கு முன்னாடி அந்த பேனரை விரிச்சு, எனக்குக் கேட்கிற மாதிரி படிங்க."

செயலாளர் விரித்தார்.

'மாற்றுத்திறனாளிகளைப் படிக்கட்டில் தடுக்காதே! எல்லாக் கட்டடத்திலும் சாய்தளம் அமை!'