மீசைக்கு ஒட்டாத மாஸ்க்

“ஏனுங் அம்மணி, அது என்னதுங்க, குழாயாட்டம் தொங்குது?”

கோவை ஆர்.எஸ்.புரத்து விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்ததும் பாலுசாமி கை காட்டிய முதல் பொருள் அதுதான். ராசாத்தாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பந்தைக் கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனுசன்!

“ஸ்நார்க்கல்ங்க. கடல்ல மொகத்தத் தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டே மூச்சு விடலாம். யாருக்குங்க?” என்றாள் கடைக்காரரின் மகள் அக்ஷயா.

“சொந்தக்காரப் பையனுக்குங்க. அந்தமான் போறானுங்க,” என்று புளுகினாள் ராசாத்தாள்.

அவர்கள் வந்ததே அக்ஷயாவைப் பார்க்கத்தான். ஜாதகம் பொருந்திவிட்டது. சொல்லிவிட்டுப் போனால் எந்தப் பெண்ணும் பட்டுடுத்தித் தலை குனிந்துதான் நிற்கும், சொல்லாமல் போய்ப் பார்த்தால்தான் குணம் தெரியும் என்பது ராசாத்தாளின் கட்சி. மகன் மதன்குமாருக்குக்கூடச் சொல்லாமல் பொள்ளாச்சியில் பஸ் ஏறியிருந்தார்கள். பதினோரு ஜாதகத்தைத் தட்டிக்கழித்தவன் அவன். மூன்று வருடமாக அவள் கெஞ்சியும் எடுக்காத தாடியைப் போன வாரம் தானாகவே மழித்துவிட்டு, “செரி, பொண்ணு பாருங்கம்மா” என்றிருந்தான். மறுநாளே தரகர் இந்த ஜாதகத்தோடு வந்து நின்றார். இதுவும் கைநழுவினால் அவனுக்குக் கல்யாணமே நடக்காது என்று அவளுக்கு ஒரே பயம்.

அக்ஷயா மூன்றை எடுத்து வைத்தாள்.

“இது வெறும் குழாய்ங்க. அலை அடிச்சா வாய்க்குள்ள தண்ணி வந்துரும், ஊதித் தள்ளோணும். இதுக்கு உச்சியில மூடி இருக்குதுங்க, முங்குனா தானா அடைச்சுக்கும். இது மொகம் முழுக்க மூடற மாஸ்க், மூக்குலயே மூச்சு விடலாம்.”

“போட்டுக்கிட்டுப் பேச முடியுங்களா?” ராசாத்தாள் வேண்டுமென்றே குடைந்தாள்.

“மொத ரெண்டுலயும் முடியாதுங்க. மூணாவதுல கொஞ்சம் பேசலாம்.”

“அப்ப உனக்கு மூணாவதுதான்,” என்றார் பாலுசாமி.

நீலம் வேண்டாம், கறுப்பு காட்டு. கறுப்பு வேண்டாம், பச்சை இருக்கிறதா? அக்ஷயா நாலு தரம் ஏணி ஏறினாள், முகம் சுளிக்கவே இல்லை. பாலுசாமி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். குவ்வு குவ்வு என்று கேட்டது. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

“இப்ப பட்டையக் கழட்டிப்போட்டு, குழாயப் பொத்திக்கிட்டு மூச்ச இழுங்க. ஒட்டி நின்னா சரியான சைஸுங்க.”

இழுத்தார். மாஸ்க் பொத்தென்று கையில் விழுந்தது.

“மீசைங்க! இப்படிக் கன்னம் வரைக்கும் முடி இருந்தா ஒட்டாது, சந்துல தண்ணி வந்துரும்.”

பாலுசாமி இரண்டு கையாலும் மீசையைப் பிடித்துக்கொண்டார். “முப்பத்தஞ்சு வருசத்து மீசைங்க அம்மணி, உட்டுருங்க!”

ராசாத்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன பொறுமை, என்ன சிரிப்பு! “இவளேதானுங்க நம்ம மருமக,” என்று புருசனின் காதைக் கடித்தாள். நல்லவேளை, பெண்ணுக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

“அந்த மூணாவதையே குடு கண்ணு. பையனோட சைஸுதான் தெரியல...”

“மீடியம்ங்க அத்தை,” என்றாள் அக்ஷயா, பையில் போட்டுக்கொண்டே. “மதனுக்கு அதுதான் கச்சிதமா ஒட்டுது. தாடியத்தான் போன வாரமே எடுக்க வெச்சுட்டனுங்களே!”