கடைசிப் பக்கத்து பெஞ்ச்

“கடைசிக் காட்சியை மாத்தணும்மா” என்றார் குவாபரா.

டைரக்டர் ஹோனாமி குடித்துக்கொண்டிருந்த டின் காபியைக் கீழே வைத்தாள். குவாபராவின் மங்கா படக்கதையை அவள்தான் டி.வி.க்கு அனிமே கார்ட்டூன் தொடராக எடுக்கிறாள். பன்னிரண்டு எபிசோடில் பதினொன்று முடிந்து, கடைசியை வரையத் தொடங்கும் நாளில் மனிதர் அடிமடியிலேயே கை வைக்கிறார்.

“சென்செய்” என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். “உங்க கதை முடிஞ்சு பதினெட்டு வருஷம் ஆச்சு. முடியாத கதைன்னா நாங்களா ஒரு முடிவைக் கட்டிவிட்டு, ஊர் பூரா திட்டு வாங்குவோம். இது முடிஞ்ச கதைன்னுதானே நிம்மதியா எடுத்தோம்?”

அந்த முடிவு ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். கொட்டும் பனியில் ஒரு சின்ன ஸ்டேஷன் பெஞ்சில் காதலன் காத்திருப்பான். ரயில் வந்து நிற்கும், காதலி இறங்க மாட்டாள், ரயில் போய்விடும்.

அது குவாபராவின் சொந்தக் கதை என்று எல்லோருக்கும் தெரியும். அறுபத்து மூன்று வயதிலும் அவர் தனிக்கட்டை. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, கடையில் வாங்கிய சோற்று உருண்டையைத் தனியாகத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் பேச ஆளில்லாதவருக்கு மீட்டிங்கும் ஒரு விசேஷம்தான்.

ஹோனாமி பேச்சை மாற்றினாள். சுவரில் ஒட்டியிருந்த போட்டோவைக் காட்டினாள்.

“போன வாரம் அந்த ஸ்டேஷனுக்கே போயிட்டு வந்தோம். நீங்க வரைஞ்ச கோணம் பிளாட்பாரத்துல எங்க நின்னாலும் சிக்கல. திரும்பி வர ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தப்புறம்தான் பெஞ்ச் அப்படியே தெரிஞ்சுது. எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க.”

குவாபரா போட்டோவைப் பார்க்கவில்லை.

“இத்தனை வருஷமா தொடாத முடிவை இப்ப எதுக்கு சென்செய் மாத்தணும்?”

“அவ மங்கா எல்லாம் படிக்க மாட்டா” என்றார். “டி.வி. பார்ப்பா.”

பள்ளிக்கூட நாளில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அழுதவர்களில் ஹோனாமியும் ஒருத்தி. ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள், தொங்கவிடட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி. அவங்களை ரயிலை விட்டு இறங்க வெச்சிடறேன். டி.வி.யிலயாவது ரெண்டு பேரும் ஒண்ணு சேருங்க.”

“அதெல்லாம் வேண்டாம்மா. பெஞ்சுல அவளை உட்கார வை. அது போதும்.”

“காத்திருந்தது நீங்கதானே? உங்க இடத்துல அவங்களை எப்படி உட்கார வைக்கறது?”

குவாபரா இப்போதுதான் சுவரிலிருந்த போட்டோவை ஏறிட்டுப் பார்த்தார்.

“நான்தாம்மா இறங்கல.”