சலாலாவிலிருந்து தபூக்

“நேராப் பறந்தா மூணு மணி நேரந்தாக்கா,” என்றான் ஆறுமுகநயினார், சுவரிலிருந்த உலகப் படத்தில் சாண் வைத்துப் பார்த்துவிட்டு.

சபுராவுக்கு அந்த மூன்று மணி நேரம் பிடிக்கவில்லை.

“நேராப் பிளேன் இருக்கா?”

தாராவியில் வளைகுடாவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற கடை அது. சபுராவின் மகன் பாட்சா ஓமானில், சலாலாவில் வேலை பார்க்கிறான். அவன் வாப்பா சவுதியில், தபூக்கில் மவுத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கிவிடச் சொல்லிச் சபுரா தந்தி கொடுத்திருந்தாள். வாப்பாவின் சந்தூக்குப் பெட்டிக்கு மகன் தோள் கொடுக்க வேண்டுமென்றால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம்? அதைத்தான் கேட்க வந்திருந்தாள்.

அழுகை வரவில்லை. காலில் செருப்பு இருக்கிறதா என்பதைக்கூடக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“நேரா ஏது? ரெண்டும் மூலைக் கடைசி ஊரு. மஸ்கட் போயி, ரியாத் போயி மாறணும். காத்துக் கெடக்கறதெல்லாம் சேத்தா ரெண்டு நாளு.”

ரெண்டு நாளு. சபுரா அப்போதுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஆனால் நயினார் நல்ல மனுஷன். அதுதான் வம்பாகப் போயிற்று. துக்க வீட்டுக்காரர் வந்து நின்றால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. போனைச் சுழற்றி யாரிடமோ இந்தியில் பேசினான். தடிப் புத்தகத்தைப் புரட்டினான். முகம் மலர்ந்துவிட்டது.

“துபாய் வழியாப் போனா ஒரே நாள்ல சேத்துரலாங்க்கா. விசாவுக்கும் நம்ம ஆளு இருக்கான்.”

“வேண்டாம் தம்பி. ரெண்டு நாளே இருக்கட்டும்.”

“வெரசாப் போனாத்தானக்கா வாப்பா மொகத்தப் பாக்க முடியும்?”

சபுரா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

“டிக்கெட்டு வேண்டாம்ப்பா,” என்று எழுந்தாள்.

மகரிபு தொழுகைக்குப் பிறகு முக்கு மெடிக்கல் கடைக்குப் பாட்சா போன் போடுவான். இன்று காலையில்தான் அவனுக்குத் தந்தி போயிருக்கிறது. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்பான்.

நடந்துகொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “பிளேனு ரெண்டு நாளு மவனே. மையத்த அடக்காம அம்புட்டு நேரம் வைக்கக் கூடாதுல்லா.”

சரியாகத்தான் இருந்தது. பையன் நம்பிவிடுவான்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவான், பிறகு அந்த வேலை கிடைக்காது என்றுதான் அவனிடம் மட்டும் மறைத்தாள்.

அடக்கம் நேற்று முடிந்துவிட்டது. அதுவரை, காகிதங்கள் வந்து சேர்வதற்காக, அவன் வாப்பா தபூக் ஆஸ்பத்திரியின் ஐஸ் அறையில் இரண்டு வெள்ளிக்கிழமை ஜும்மா தாண்டிக் காத்துக் கிடந்தார்.