அடுத்த அறையில் எல்லை

“எல்லைக்குப் போனாலும் பொலம்புவே, வீட்டோட இருந்தாலும்—”

“வீட்டுல உக்காந்து சண்டை போடுங்கன்னு நானா சொன்னேன்? புள்ள காதுல விழுதுங்க!”

ஹவில்தார் தயாளனும் மனைவி பொற்கொடியும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ரோஸ்லினம்மா. ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷமாக மனநல ஆலோசகர்.

படுக்கையறைக்குப் பக்கத்து அறைதான் தயாளனின் போர்முனை. காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, திரையில் தெரியும் தூரத்து மலைகளில் ஆளில்லா விமானத்தால் குண்டு போடுவார். மதியம் வெளியே வந்து ரசஞ்சோறு சாப்பிடுவார்.

“போன வாரம் சாப்பிடும்போது, ‘நீங்க குண்டு போட்ட வீட்டுல பாப்பா இருந்துச்சாப்பா?’ன்னு பொண்ணு கேட்டா மேடம். இவரு எழுந்து அந்த ரூமுக்கே போயிட்டாரு. அதுலேருந்து அவ இவருகிட்ட ஒரு வார்த்தை பேசறதில்லை.”

ரோஸ்லினம்மாவுக்குப் பழைய பிள்ளைகள் நினைவில் வந்தார்கள். அப்பாவை ரயிலேற்றிவிட்டு வாரக்கணக்கில் அழுத பிள்ளைகள். அவர் வருகிற நாளில் தெருமுனைக்கே ஓடிய பிள்ளைகள்.

ஏழு வயது இசைவாணியை மடியருகே இழுத்துக்கொண்டார்.

“அப்பல்லாம் அப்பாங்க காட்பாடி ஸ்டேஷன்ல வந்து இறங்குவாங்க, கண்ணு. கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தா வீடெல்லாம் மிலிட்டரி கேன்டீன் சோப்பு வாசனை! சண்டையை அங்கேயே விட்டுட்டு, ரெண்டு மாசம் லீவுல வீட்டோட இருப்பாங்க. பசங்க மீசையைப் பிடிச்சுத் தொங்குவாங்க.”

தயாளன் லேசாகச் சிரித்தார். அவருடைய அப்பாவும் அப்படி வந்து இறங்கியவர்தான்.

இசைவாணி எழுந்து போய் தயாளன் முன்னால் நின்றாள்.

“நீங்க எப்பப்பா லீவுல வீட்டுக்கு வருவீங்க?”