சுவரில்லாத நகரம்

ஃப்ளோரன்ஸ், 1971 பிப்ரவரி. கட்டடக்கலைத் தேர்வில் இம்முறையும் தோற்றால் தாதேயோ கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் போக வேண்டும். அவன் வரைந்த நகரத்தில் சுவரும் கூரையும் கிடையாது; கட்டம் போட்ட வெள்ளைத் தரை மட்டும்தான். அளவு காட்டுவதற்காக, அவன் அறைத்தோழனான நான் பத்திரிகையிலிருந்து ஒரு நீச்சலுடைப் பெண்ணை வெட்டி அடிவானத்தில் ஒட்டிக்கொடுத்தேன்.

திங்களன்று நகத்தளவு இருந்தாள். புதனன்று சாண் உயரம்.

"ஏன்டா கிட்ட இழுத்து ஒட்டின?" என்றான் தாதேயோ.

"உன் ஊர் பிடிக்காம அவளே வந்திருப்பா."

தேர்வன்று தாளில் அவள் இல்லை.

"இதுல மனுஷன் குடியிருக்க முடியுமாப்பா?" என்றார் பேராசிரியர்.

"ரொம்பக் குளிருதுங்க" என்றது பார்வையாளர் பெஞ்சிலிருந்து ஒரு பெண்குரல்.

பேராசிரியர் நிமிராமலே 'தோல்வி' என்று எழுதினார். அவள் எழுந்து வெளியே போனாள். முதுகில், பத்திரிகையின் மறுபக்கத்துச் சோப்பு விளம்பரம் பாதி வார்த்தைகளோடு அச்சாகியிருந்தது.