இருபத்தாறு ஜீபி

கோணாமலை மேசையில் குத்திய குத்தில் பால் விடாத பிளேன்ரீக் கோப்பை கவிழ்ந்தது. கணினித் திரை மட்டும் அசையவில்லை. காலை ஒன்பது மணிக்கு நூற்றுக்கு ஐம்பத்து மூன்று வீதத்தில் நின்ற பச்சைக் கோடு இன்னும் அங்கேயே நின்றது.

“என்ட மகன் பின்னேரம் கொழும்புக்கு வெளிக்கிடுறான். நாளைக்கு சுவிஸ் பிளேன். பொஞ்சாதிக்கு வீசா எடுக்கக் கலியாண டிவிடி வேணுமெண்டு உனக்கு எத்தின தரம் சொன்னன்?”

“சொன்னீங்க ஐயா. நானா புடிச்சு வெச்சிருக்கன்? சொப்ட்வெயார் ஸ்டக்காகுது” என்றான் வீடியோக் கடை உதயரூபன்.

“சண்டை முடிஞ்சு நாட்டில எல்லா றோட்டும் திறந்திட்டு. உன்ட பெட்டி மட்டும் திறக்குதில்ல!”

கடைக்கு வெளியே இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொக்கட்டிச்சோலையில் வயல் வட்டைக்கு மேற்பக்கம் நின்று கத்தினால் கீழ்ப்பக்கத்தில் மாடு திரும்பிப் பார்க்கும் குரல் அது. மட்டக்களப்பு நகரத்துச் சின்னக் கடைக்குள் அதற்கு இடம் போதவில்லை.

உதயரூபனுக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளை கேட்டானே என்று டிவிடி முகப்பில் பறக்கவிட்ட ரோசாப்பூக்களைப் பிடுங்கி எறிந்தாயிற்று. வைரஸ் காவலை நிறுத்தியாயிற்று, எழுதும் வேகத்தைக் குறைத்தாயிற்று, நாலு தரம் அணைத்துப் போட்டாயிற்று. கடைசியில் பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றி, மேசை விசிறியை அதற்குள் திருப்பி வைத்தான்.

விசிறியின் சுவிட்ச் இருந்தது அலுமாரிக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத மூலையில். அவன் எழும்புவதற்குள் கோணாமலையின் மனைவி கண்ணகை எழுந்து போய்க் கையை உள்ளே விட்டுப் போட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். வந்ததிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை.

“இந்த மனிசி மாசம் ஒருக்காக் கிளினிக்குக்கு மட்டும் வாவித் துறை கடந்து டவுனுக்கு வாற ஆள். அவளையும் இழுத்துக்கொண்டு வந்து காலையிலிருந்து கிடக்கன். எனக்கு இருக்கிறது ஒரே ஒரு புள்ள. அவன்ட கலியாணத்தையும் நீ நாசமாக்கப் போறியா?”

கண்ணகை சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கோடு ஐம்பத்து நான்குக்கு நகர்ந்தது. கோணாமலை மூச்சை அடக்கினார். திரை வெளிறிப் போய் அப்படியே செத்தது.

“சனியன்!” என்று உதயரூபன் கீபோட்டில் அறைந்தான். பிறகுதான் அவனுக்குப் பொறி தட்டியது. டிஸ்க்கைத் திறந்து பார்த்தான். மிச்சம் இரண்டு ஜீபி. டிவிடியில் எழுதுவதற்கு முதல் முழுப் படத்தையும் பெட்டிக்குள்ளேயே ஒருமுறை சமைத்து இறக்க வேண்டும். அடுப்பு வைக்கவே இடமில்லாத குசினியில் எதைச் சமைப்பது?

“இடம் காணாது ஐயா. அதுதான் கரைச்சல்.”

“அப்ப இடத்த எடன்!”

எடுத்தான். பழைய பூப்புனித நீராட்டு விழா, கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாம் போயிற்று. அவை உரியவர்கள் வாங்கிப் போனவை. அப்படியும் போதவில்லை.

கோணாமலை திரைக்குக் கிட்டக் குனிந்தார். “அது என்ன, நூற்றிப் பதினெட்டெண்டு ஒரு பைல்? இருபத்தாறு ஜீபி எண்டு கிடக்கு?”

உதயரூபனின் கை மவுசை விட்டு விலகியது. “அது வேற ஒரு கலியாணம். வெட்டாத படம்.”

“ஆற்ற கலியாணம்?”

“சுனாமிக்கு முந்தின கலியாணம். மாப்பிள்ளை, பொம்பிளை ரெண்டு பேரையும் கடல் கொண்டு போயிட்டு.”

கோணாமலை சால்வையால் முகத்தைத் துடைத்தார். பேசியபோது குரல் முன்னையைவிட உயர்ந்திருந்தது. “செத்தவங்களுக்கு என்னத்துக்குக் கலியாணப் படம்? அஞ்சு வருசமா எடுக்க ஆள் வரல்லத்தானே? அழிச்சுத் தள்ளு!”

“ஏலாது ஐயா. கசெட்டில மறுகா வேற கலியாணம் எடுத்தாச்சு. இது ஒண்டுதான் மிச்சம்.”

“அப்ப டிவிடில போட்டு வையன்!”

“அதுக்கும் இந்தச் சனியன்தானே வேணும்? இருந்த மற்ற டிஸ்க்கும் போன மாசம் செத்திட்டு. வேற டிஸ்க் ஒண்டு எடுத்துத்தாறன், ஒரு நாள் பொறுங்க.”

“ஒரு நாளா? பிளேன் உனக்காக நிக்குமா? உயிரோட இருக்கிறவன்ட வாழ்க்கை பெரிசா, செத்தவங்கட கூத்துப் பெரிசா?”

“அதைப் பார்க்க ஒரு ஆள் வாறது ஐயா. மாசா மாசம். இந்தக் கதிரையில இருந்து முழுசாப் பார்த்திட்டு, ஒண்டும் கதைக்காமப் போறது.”

“எந்த விசர் அது?”

உதயரூபன் கண்ணகையைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோணாமலைக்குப் பொறுமை அறுந்தது. அவனைத் தள்ளிவிட்டு மவுசைப் பிடித்தார். வயல் வேலையில் தடித்த விரல் நூற்றிப் பதினெட்டின் மேல் அமுக்கியது. அழிக்கும் பொத்தான் எதுவென்று காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அவருக்கும் பாடமாகியிருந்தது. நிச்சயமாக அழிக்கவா என்று திரை கேட்டது.

“ஓம், அழி!” என்று திரையைப் பார்த்தே கத்தினார்.

அவருடைய மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. முப்பது வருடத்தில் ஒரு நாளும் அவரை எதிர்த்து நீளாத கை.

“விடுங்க கைய” என்றாள் கண்ணகை. “அது நம்மட மகள் மேனுகாட கலியாணம். நீங்க வராத கலியாணம்.”