இருவரில் ஒருவர்

"எனக்குன்னே எழுதிடுங்க டாக்டர். அவளை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

கணக்கு வாத்தியார் குரலை நன்றாகத் தணித்துக்கொண்டுதான் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழக்கூடாது.

டாக்டரம்மாவுக்குத் தர்மசங்கடமாக இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மாள் கெஞ்சியதும் இதையேதான். வியாதி தனக்குத்தான் என்று போட்டுவிட வேண்டுமாம். அவரால் ஆஸ்பத்திரியில் ஒரு பொழுது இருக்க முடியாதாம், காபியில் சர்க்கரை குறைந்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷனாம்.

மழை பிடித்ததிலிருந்து இருவருக்கும் ஒரே தொல்லை. மொட்டை மாடியில் யாரோ நடக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரன் சாப்பாட்டில் எதையோ கலக்கிறான், அதனால்தான் தலை இப்படி வலிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. காலடிச் சத்தம் முதலில் கேட்டது அந்த அம்மாளுக்கு. பூனை கல்யாணம் பண்ணுது போ என்று கேலி செய்த வாத்தியார், பிறகு அவரே கம்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற ஆரம்பித்தார்.

அந்தக் கம்போடு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்ற அன்றுதான் மகன் இருவரையும் வேனில் ஏற்றி இங்கே கொண்டுவந்தான்.

மகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி, கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கே வந்துவிடப் போகிறான். இரண்டு பேரில் யாருக்கு வியாதி இல்லையோ அவர் தாராளமாகக் கூட இருக்கட்டும். மற்றவர் அந்த வீட்டுக்குள் வரவேண்டாம்.

"பெத்தவங்கதான், இல்லேங்கல. அந்தக் கம்பு நாளைக்குத் தொட்டில் பக்கம் திரும்பினா?"

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்த மாதிரிக் கோளாறுக்கு மருத்துவப் புத்தகத்தில் தனி இடமே உண்டு. ஒட்டி வாழ்கிற இரண்டு பேரில் நிஜமான நோய் ஒருவருக்குத்தான் இருக்கும். மற்றவர் கேட்டுக் கேட்டே அதை நம்ப ஆரம்பித்துவிடுவார். ஸ்கேன் எடுத்தாலும் தெரியாது. பிரித்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். விலகிப் போனதும் யாருக்குத் தெளிகிறதோ, அவருக்கு நோயே இல்லை. அதுவரை மருந்து, மாத்திரை எதுவும் கிடையாது.

அந்த அம்மாளை வார்டில் சேர்த்தார்கள். வாத்தியார் தன் தம்பி வீட்டுக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து பிரிந்து இருந்து பழக்கமில்லாதவர்கள். வேனில் ஏறும்போது வாத்தியார் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏறமாட்டோம் என்று அவருக்கே தெரியும்.

இரண்டு வாரம் கழித்து எல்லோரையும் வரச் சொன்னார் டாக்டரம்மா.

முதலில் உள்ளே வந்த வாத்தியார் ஆளே தேறியிருந்தார். சத்தமில்லை, தலைவலி இல்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது என்று வெட்கப்பட்டார். டாக்டரம்மாவின் முகத்தில் ஒரு முடிவு தெரிந்தது. கணக்கு வாத்தியாருக்கு அது புரிய வெகு நேரம் ஆகவில்லை. தனக்கு இல்லையென்றால் வியாதி அவளுக்கு.

"இல்ல டாக்டர்... நேத்துகூட கேட்டுச்சு. டக் டக்னு."

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

ஆனால் வார்டிலிருந்து வந்த அம்மாளும் தெளிந்த முகத்தோடுதான் வந்தாள். அவளுக்கும் காலடி கேட்பதில்லை. வார்டுச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாள் என்று நர்ஸ் சாட்சி சொன்னாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் கேட்டாள்:

"கன்னத்துல சதை வெச்சிருக்கு. தம்பி பொண்டாட்டி கைப்பக்குவம் அவ்வளவு ஒத்துப்போச்சாக்கும்?"

வாத்தியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்குத்தான் இடித்தது. புத்தகப்படி ஒருவர் தெளிய வேண்டும், இன்னொருவர் தெளியக்கூடாது. இரண்டு பேருமே தெளிந்துவிட்டால், யாரிடமிருந்து யாருக்கு ஒட்டிக்கொண்டது?

மகனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. வாயெல்லாம் பல். இன்றைக்கே இருவரையும் கூட்டிப் போகிறேன் என்று நின்றான். பேசிக்கொண்டே நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டான். அப்பா வீட்டுக்கு இடம் மாறியது, சாமான் ஏற்றி இறக்கிய அலுப்பு, மூன்று நாளாக மண்டை தெறிக்கிறதாம். மனைவியும் வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு கிடக்கிறாளாம்.

குழந்தை மட்டும்தான் சமர்த்து என்றான். மழைக்காலம் வருகிறதே என்று அம்மாவுக்காக அவன் மாட்டிக்கொடுத்த கேஸ் கீசர் இப்போது அதற்குத்தான் உபயோகம். சாரல் அடிக்காமல் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு வெந்நீர் ஊற்றி விட்டால் போதும். வாடகை வீட்டில் விடிய விடியக் கத்தித் தீர்த்த பிள்ளை, அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து அழுவதே இல்லை.

"எழுப்பினாக்கூட எந்திரிக்க மாட்டேங்குது டாக்டர். அப்படி ஒரு தூக்கம்."

டாக்டரம்மாவின் கையில் பேனா அப்படியே நின்றது.

புருஷனும் மனைவியும் ஒருவரை விட்டு ஒருவர் மட்டும் பிரியவில்லை. இரண்டு பேருமே அந்த வீட்டை விட்டும் பிரிந்திருந்தார்கள். அடைத்த ஜன்னல்களுக்குள் எரிகிற கீசர் கக்கும் விஷவாயுவுக்கு வாசனைகூடக் கிடையாது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவர் எழுந்தார்.

"குழந்தை இப்ப எங்க இருக்கு?"